கேரம் போர்டு பல்பும் சைக்கிள் லைட்டும்

"எத்தினி லூமன்ணா?"

சைக்கிளுக்கு லைட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது இதைத்தான். கடைக்காரரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். 3000, 8000, 20000 என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். எண் பெரிதானால் வெளிச்சம் பெரிது, வெளிச்சம் பெரிதானால் பயமில்லை என்று நாமும் வாங்கிவிடுகிறோம்.

அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் இரவில் வடசென்னையில் எண்ணூரிலிருந்து ராயபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். கிளம்பும்போது எதிர்வீட்டு மாடி வரை வெளுத்துக் காட்டியது. அரை மணி நேரத்தில் மங்கிப்போயிருந்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டில், கடல் பக்கம் தெருவிளக்கு எரியாத ஓர் இடத்தில், இடது ஓரமாக ஒரு கன்டெய்னர் டிரெய்லர் நின்றிருந்தது. அதற்குப் பின்விளக்கும் இல்லை, சிவப்புப் பட்டையும் இல்லை. அதன் பின்பக்க இரும்பு என் ஹேண்டில்பாருக்கு நாலைந்து முழம் முன்னால் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்ததில் சறுக்கி விழுந்தேன். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

அன்றைக்கு எனக்கு லைட் இல்லாமல் இல்லை. தப்பான லைட், தப்பாகக் கட்டியிருந்தேன், தப்பான எண்ணை நம்பியிருந்தேன். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர், பேப்பர் கட்டு ஏற்றிக்கொண்டு போகும் பையன், மணலியில் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர் என்று இருட்டில் மிதிக்கிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். இந்த விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரும் கடையில் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேரம் கிளப்புக்குள் ஒரு நிமிடம்

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கி வந்த காசிமா, இங்கேயிருக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதனால் கிளப்பிலிருந்தே தொடங்கலாம்.

போர்டுக்கு நேர் மேலே ஒரு பல்பு தொங்கும். அதைச் சுற்றித் தகரத்திலோ அட்டையிலோ ஒரு ஷேடு. ஒருநாள் அந்த ஷேடைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கூரை பளிச்சென்று தெரியும், சுவரில் மாட்டிய காலண்டர் தெரியும், ஆடுகிறவர் கண் கூசும். போர்டு மட்டும் மங்கிப்போயிருக்கும். எரிவது அதே பல்புதான், ஓடுவது அதே கரன்ட்தான். வெளிச்சம் போய் விழும் இடம் மாறிவிட்டது.

இதில் இரண்டு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. பல்பிலிருந்து எல்லாத் திசையிலும் மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பதைச் சொல்வது லூமன். வீட்டில் போடும் 9 வாட் எல்.இ.டி. பல்பு 900 லூமன் அளவுக்குத் தரும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் எத்தனை லூமன் வந்து விழுகிறது என்பது லக்ஸ். கேரம் போர்டின் ஆடுபரப்பு 74 செ.மீ.க்கு 74 செ.மீ., அதாவது அரை சதுர மீட்டரைவிடச் சற்றுக் கூடுதல். ஷேடு உதவியால் 900-இல் பாதி, 450 லூமன், போர்டில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், போர்டின் மேல் சராசரியாக 800 லக்ஸுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஷேடைக் கழற்றினால் லூமன் குறையாது. போர்டின் லக்ஸ் சரிந்துவிடும்.

கடைப் பெட்டியில் அச்சாகியிருப்பது லூமன். நமக்கு வேண்டியது ரோட்டின் மேல் லக்ஸ். அந்த டிசம்பர் இரவில் என் லைட் மரத்துக் கிளைக்கும் மதில் சுவருக்கும் வெளிச்சம் தந்துகொண்டிருந்தது.

பல்பை உயர்த்தினால்

இப்போது ஷேடு இல்லாமல் தொங்கும் அந்தப் பல்பைப் போர்டிலிருந்து இரண்டு மடங்கு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். போர்டின் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் தோன்றும். உண்மையில் கால் பங்காகிவிடும். கீழே போகப் போக ஒளி நீளத்திலும் விரிகிறது, அகலத்திலும் விரிகிறது. முன்பு ஒரு போர்டில் விழுந்தது இப்போது நான்கு போர்டு பரப்பில் பகிர்ந்து விழுகிறது. மூன்று மடங்கு உயர்த்தினால் ஒன்பதில் ஒரு பங்கு.

சைக்கிள் லைட்டுக்கும் இதே கணக்குதான். 10 மீட்டரில் 10 லக்ஸ் தரும் லைட், 20 மீட்டரில் இரண்டரை லக்ஸ்தான் தரும். ஒப்பிட்டுப் பார்க்க: பௌர்ணமி நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவில் இருக்கும். ஒழுங்காகத் தெருவிளக்கு எரியும் பெரிய சாலையில் 10 முதல் 20 லக்ஸ் வரை இருக்கும்.

கண்ணும் ஒரு வேலை செய்கிறது. ஒளி இரண்டு மடங்கானால் கண்ணுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியாது, கொஞ்சம் கூடியதுபோலத்தான் தெரியும். 500 லூமன் லைட்டையும் 1000 லூமன் லைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "இதுக்கா இவ்ளோ காசு?" என்று கேட்கத் தோன்றும்.

ஜெர்மனியின் போக்குவரத்து விதி சைக்கிள் முன்விளக்கு எத்தனை லூமன் என்று பார்ப்பதில்லை. 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்று கேட்கிறது. நல்ல லைட்டை அளக்கச் சரியான வழி அது என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: லூமன் என்பது மொத்த உற்பத்தி, லக்ஸ் என்பது விழுந்த இடத்தின் வெளிச்சம், தூரம் கூடக் கூட லக்ஸ் வேகமாகக் குறையும்.

பார்க்க ஒன்று, தெரிய ஒன்று

சைக்கிள் லைட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது செய்யும் வேலை இரண்டு. ரோட்டில் இருக்கும் பள்ளத்தை நாம் பார்ப்பது ஒன்று. நாம் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வேறு வேறு மாதிரி ஒளி தேவைப்படுகிறது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை வாங்கிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

தங்கசாலை, ஜி.ஏ. ரோடு, வண்ணாரப்பேட்டைக் கடைத்தெரு போன்ற இடங்களில் இரவு 8 மணிக்கு ரோடு நன்றாகவே தெரியும். அங்கே நாம் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். 2017 ஏப்ரலில் இருந்து புதிதாக வரும் எல்லா பைக்கிலும் ஸ்கூட்டரிலும் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும்படி விதி இருக்கிறது. கடை விளக்கும் ஹெட்லைட்டும் கலந்த அந்தக் கூட்டத்தில், ஹேண்டில்பாரில் மினுக்கும் பட்டன் செல் லைட் காணாமலே போய்விடும். 100 முதல் 200 லூமன் வரை உள்ள ஒரு லைட் இங்கே போதும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி பக்கம், கொடுங்கையூரின் உள்சாலைகள் வேறு கதை. அங்கே இரண்டு வேலையும் வேண்டும். டி.எச். ரோட்டை, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையை, மூன்றாவதாகச் சொல்வேன். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, தூண்களின் நிழலும் விளக்கு வெளிச்சமும் மாறி மாறி வருகின்றன. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில் கண் ஒன்றும் பிடிக்காது. கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நகரத்துக்குள் ஓட்டும்போது அந்த அவகாசம் கிடைப்பதே இல்லை.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்

நிறுத்த முடிகிற தூரத்தைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். கணக்கு சுலபம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு நாலு மீட்டரைத் தாண்டுகிறோம். பள்ளத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை அமுக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். ஆறு மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் மூன்று மீட்டர். ஆக 9 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. என்றால் 18 மீட்டருக்கு மேல் வந்துவிடும். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடினால் தூரம் இரண்டு மடங்காகிறது.

அதனால் ஸ்டாண்டர்டு சைக்கிளில் சாவகாசமாக மிதிக்கிறவருக்கும், கியர் சைக்கிளில் எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வருகிறவருக்கும் ஒரே லைட்டைப் பரிந்துரைப்பது சரியில்லை. முதலாமவருக்கு 200 லூமன் ஒழுங்காக ரோட்டில் விழுந்தால் தாராளம். இரண்டாமவர் இருட்டுச் சாலைக்கு 400 முதல் 600 வரை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் எதிரே வருகிறவரின் கண்ணைத்தான் கெடுக்கிறோம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. சில லைட்டுகளில் ஒளியின் மேல் விளிம்பு, கத்தியால் அறுத்ததுபோல ஒரு கோட்டில் நின்றுவிடும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. காரின் டிம் லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தால் இது தெரியும். இதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். கேரம் பல்பின் ஷேடு செய்யும் வேலையை இங்கே லைட்டுக்குள்ளிருக்கும் கண்ணாடியும் லென்ஸும் செய்கின்றன. வானத்துக்குப் போக இருந்த ஒளியைப் பிடித்து ரோட்டுக்குத் தள்ளுகின்றன. கட்-ஆஃப் உள்ள 300 லூமன் லைட், டார்ச் போல உருண்டையாக அடிக்கும் 800 லூமன் லைட்டைவிட ரோட்டை நன்றாகக் காட்டும். கடையில் லைட்டை வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டமாக விழுகிறதா, மேல்பக்கம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடிகூட ஆகாது.

தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் பற்றியும் கேட்கிறார்கள். முன்விளக்காக அதை மட்டும் நம்பாதீர்கள். பள்ளம் நமக்குத் தெரிவது அதன் நிழலால். லைட் கண்ணுக்குக் கீழே, ஹேண்டில்பார் உயரத்தில் இருந்தால் பள்ளத்தின் நிழல் நீளமாக விழும், நம் கண் அதை மேலேயிருந்து பார்க்கும். லைட் நெற்றியில் இருந்தால் நிழல் பள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், ரோடு சமமாக இருப்பதுபோல ஏமாற்றும்.

பின்பக்கம்தான் பெரிய விஷயம்

பலரும் காசு முழுவதையும் முன்விளக்கில் போட்டுவிட்டு, பின்னால் ஏதோ ஒரு சிவப்பு மினுக்கியைச் சொருகிக்கொள்கிறார்கள். முன்னால் வரும் ஆபத்தை நம் கண் ஓரளவாவது பார்க்கும். பின்னால் வருவதைப் பார்ப்பது வேறொருவரின் கண். அந்த ஒருவர் பெரும்பாலும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லரில், இரவு முழுக்க வரிசையில் நின்று அலுத்துப்போனவராக இருப்பார்.

எர்ணாவூர் பக்கம் ஒரு டீக்கடையில் அப்படி ஒரு டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, சைக்கிள்காரங்க உங்களுக்கு எப்படித் தெரிவாங்க?"

டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "தெரியறது எங்க தம்பி. மேல ஒக்காந்துகினு இருக்கேன். முன்னால பத்து பைக் லைட்டு, நடுவுல ஒரு சின்ன சேப்பு. அது பக்கத்துல கீதா, தூரத்துல கீதான்னு புரியறதுக்குள்ள கிட்ட வந்துடும். மினுக்கி மினுக்கி எரிஞ்சா இன்னும் புரியாது."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் பெரிய உண்மை இருக்கிறது. மினுக்கும் லைட் கவனத்தை இழுக்கும், அதில் சந்தேகமில்லை. தூரத்தை அளக்கக் கண்ணுக்குத் தொடர்ச்சியான ஒரு புள்ளி வேண்டும். மணிக்கு 50 கி.மீ.யில் வரும் லாரி ஒரு நொடியில் 14 மீட்டர் வந்துவிடும். லைட் நொடிக்கு ஒருமுறை மினுக்கினால், ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவில் லாரி ஒரு டிரெய்லர் நீளத்தைக் கடந்திருக்கும். அந்த வேகத்தில் வரும் சுமை லாரி, டிரைவர் பார்த்த கணத்திலிருந்து முழுதாக நிற்க 45 மீட்டர் தாராளமாக ஆகும்.

ஆகவே பின்னால் இரண்டு லைட் வையுங்கள். ஒன்று விடாமல் எரியட்டும், இன்னொன்று மினுக்கட்டும். ஒன்றின் பேட்டரி இறங்கினாலும் மற்றது இருக்கும். பின்விளக்கு அணைந்துபோனால் ஓட்டுகிறவருக்கே தெரியாது என்பதால் இது முக்கியம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விடாமல் எரியும் முறையில் வையுங்கள். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மினுக்கும் லைட்டையே அனுமதிப்பதில்லை. இரவுக்கு 20 முதல் 50 லூமன் வரை உள்ள சிவப்பு லைட் போதும்.

எங்கே கட்டுவது? கடையில் சீட்டுக்குக் கீழேதான் மாட்டித் தருவார்கள். கேரியரில் எதுவும் ஏற்றாதவருக்கு அது சரி. நம் ஊரில் கேரியர் காலியாக இருப்பது எப்போது? மீன் பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன், பால் டிரே, பேப்பர் கட்டு. பெட்டி ஏறியதும் சீட்டுக்குக் கீழே இருக்கும் லைட் அதன் பின்னால் மறைந்துவிடும். ஓட்டுகிறவர் லைட் எரிகிறது என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். லைட்டைக் கேரியரின் கடைசிக் கம்பியிலோ பின் மட்கார்டிலோ கட்டுங்கள். லைட்டின் முகம் தரையைப் பார்க்காமல் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அதன் நடு ஒளி ரோட்டில் விழுந்து வீணாகிவிடும்.

சுருக்கமாக: பின்விளக்கு ஒளியைவிட அது மறையாமல், சாயாமல், அணையாமல் இருப்பதில்தான் கவனம் வேண்டும்.

மூலையில் அடித்துத் திரும்பும் ஸ்ட்ரைக்கர்

"சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கே, லைட் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்காக மறுபடியும் போர்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

போர்டின் மூலையில் குழி இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக மூலைப் பக்கம் அடித்தால் ஒரு கட்டையில் பட்டு, பக்கத்துக் கட்டையிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பி வரும். எந்தச் சாய்வில் அடித்தாலும் அப்படித்தான். ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக்கை உற்றுப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன மூலைகள் தெரியும். ஒவ்வொன்றும் மூன்று சுவர் கூடும் மூலை. எங்கிருந்து ஒளி வந்தாலும் வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் கண்ணாடிபோல வேறெங்கோ மின்னாமல், ஹெட்லைட் அடிக்கிறவருக்கே பளிச்சிடுகிறது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒளி திரும்பிப் போவது ஹெட்லைட்டுக்கு. கார் ஓட்டுகிறவரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, அவருக்கு ரிஃப்ளெக்டர் நன்றாகத் தெரியும். டிரெய்லர் டிரைவரின் கண் ஹெட்லைட்டைவிட ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே இருக்கிறது. திரும்பிய ஒளியில் பெரும்பகுதி அவருக்குக் கீழேயே முடிந்துவிடும். லாரி கிட்டே வர வர இந்த வித்தியாசம் கூடும். அந்த டிரைவர் "மேல ஒக்காந்துகினு இருக்கேன்" என்று சொன்னதன் காரணம் இது. வடசென்னையில் கன்டெய்னர் சாலைகளில் ஓட்டுகிறவர் ரிஃப்ளெக்டரை மட்டும் நம்பக் கூடாது.

ஆனாலும் அதைக் கழற்ற வேண்டாம். பேட்டரி தீராத காவல் அது. குறிப்பாகப் பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர், கணுக்காலில் கட்டும் மின்னும் பட்டை. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப் புள்ளிகளை வைத்து நடக்கவிட்டார். புள்ளிகளைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையிலும், பார்த்தவர்கள் நொடிப்பொழுதில் அது நடக்கும் மனிதர் என்று சொன்னார்கள். பெடலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் இரண்டு புள்ளிகளும் அப்படித்தான் பேசும். பின்னால் வருகிறவர் யோசிக்காமலே "ஆள் மிதித்துக்கொண்டு போகிறார்" என்று புரிந்துகொள்வார்.

பெட்டிமேல் இருக்கும் எண்ணைச் சோதிப்பது

என்னை விழவைத்த லைட்டுக்கு வருகிறேன். அதன் பெட்டியில் 5000 லூமன், 5 மணி நேரம் என்று போட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு பேட்டரி. ஆரம்பப் பள்ளிப் பெருக்கல் தெரிந்தால் போதும், அது பொய் என்று கடையிலேயே சொல்லிவிடலாம்.

இந்த லைட்டுகளில் வருவது 18650 என்ற லித்தியம் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால் அந்தப் பெயர். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு 2600 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். இந்த அளவுச் செல்லில் சிறந்தவையும் பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் வரும். மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் செல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 2600 மில்லி ஆம்பியர்-மணி என்பது 2.6 ஆம்பியர்-மணி. அதைச் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9.6, கிட்டத்தட்ட 10 வாட்-மணி. அதாவது 10 வாட் லைட்டை ஒரு மணி நேரம் எரிக்கும் சக்தி.

ஓரளவு நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தரும். 5000 லூமனுக்கு 50 வாட் வேண்டும். 10 வாட்-மணி செல் 50 வாட்டை 12 நிமிடம் தாங்கும். 5 மணி நேரம் எங்கே, 12 நிமிடம் எங்கே! அந்தச் செல்லை வைத்து 5 மணி நேரம் எரிய வேண்டுமானால் 200 லூமன்தான் நியாயம். நல்ல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்: கூடுதல் வெளிச்சத்தில் இத்தனை மணி, நடுத்தரத்தில் இத்தனை மணி என்று தனித்தனியாக. லூமனும் நேரமும் சேர்ந்து கணக்குக்கு ஒத்துவருகிற பெட்டியை நம்புங்கள்.

பேட்டரி இறங்கும்போது லைட் என்ன செய்யும் என்றும் கேளுங்கள். நல்ல லைட் கடைசிவரை ஒரே அளவில் எரிந்து, முடியப் போகும்போது பட்டனில் சிவப்புக் காட்டும். மலிவானது முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கண்ணும் கூடவே பழகிக்கொண்டு வருவதால் குறைவது தெரியாது. அன்று எனக்கு நடந்தது இதுதான்.

பழைய டைனமோவைப் பற்றி ஒரு வார்த்தை. டயரில் உரசிச் சுழலும் அந்தப் பாட்டில் வடிவ டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும். லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லும் காலத்தில் பல வீட்டுச் சைக்கிளில் அது இருந்தது. சார்ஜ் போடும் கவலை இல்லை. சைக்கிள் நின்றால் லைட்டும் நின்றுவிடும் என்பதுதான் குறை. சிக்னலில் நிற்கும்போதுதான் பின்னால் இருந்து லாரி வரும்.

மழையும் உப்புக்காற்றும்

ஐ.பி.எக்ஸ் என்று தொடங்கி ஓர் எண் லைட்டின் மேல் இருக்கும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 4 போதும் என்றாலும் 6, 7 இருந்தால் நிம்மதி. எந்த எண்ணாக இருந்தாலும் சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக அமுங்கியிருக்க வேண்டும். கடலோரம் ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் லைட்டைத் துடைத்து உலரவிடுங்கள். காசிமேட்டு உப்புக்காற்றில் சார்ஜ் பின் பச்சைபூத்துப்போய், நன்றாக இருந்த லைட்டைத் தூக்கிப்போட நேர்ந்திருக்கிறது.

மழையில் லைட் மங்கிவிட்டதுபோலத் தோன்றும். அது லைட்டின் தவறில்லை. காய்ந்த ரோடு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வரும். ஈர ரோடு கண்ணாடி மாதிரி ஒளியை முன்னால் தள்ளிவிடும். தேங்கிய தண்ணீருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை எந்த லைட்டும் காட்டாது. கணேசபுரம் சப்வே மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டோ சுற்றிக்கொண்டோ போங்கள். 1000 லூமன் வைத்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கட்டிய பிறகு செய்ய வேண்டியது

முன்விளக்கைக் கட்டியதும் சைக்கிளை ஒரு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஒளியின் நடுப்பகுதி சுவரில் 45 செ.மீ. உயரத்தில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். பாதி உயரம், அவ்வளவுதான். அப்போது அந்த ஒளி 10 மீட்டரில் தரையைத் தொடும். அதன் மேல்பகுதி இன்னும் கொஞ்சம் தூரம் காட்டும். கட்-ஆஃப் உள்ள லைட்டாக இருந்தால் நடுவைப் பார்க்க வேண்டாம். அதன் மேல் கோடு லைட்டின் உயரத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்விளக்குக்கு வேறு சோதனை. சென்ற வாரம் என் பக்கத்து வீட்டுப் பையனோடு செய்தேன். பேப்பர் போடுகிறான், காலை 4 மணிக்கே கிளம்புகிறவன். கேரியரில் வழக்கம்போலப் பேப்பர் கட்டை ஏற்றச் சொல்லி, லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, தெருக்கோடியில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினோம். இரண்டு பேரும் பின்பக்கமாக நூறு தப்படி நடந்து போய்த் திரும்பிப் பார்த்தோம்.

"லைட்டே காணோம்ணா," என்றான்.

பேப்பர் கட்டு மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையின் நுனி காற்றில் தொங்கி, லைட்டின் மேல் விழுந்திருந்தது. ஓடிப்போய் அதை உள்ளே மடக்கிச் சொருகி, லைட்டைக் கேரியர் கம்பியின் அடிக்கு மாற்றிக் கட்டினான். மறுபடியும் நூறு தப்படி நடந்து வந்தான். அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினான்.